மதுரையிலிருந்து ஊட்டிக்கு: குளிருக்கு என்ன சமைப்பது, அன்றாடம் என்ன உடுத்துவது?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஜூன் மாதம் எனக்கு ஊட்டிக்குப் பணி மாற்றம். வங்கி வேலை. கணவர் மதுரையிலேயே இருப்பார். வார இறுதியில் வந்து போவார். நானும் மாமியாரும் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனும் மலையேறுகிறோம்.

ஊட்டிக் குளிரைப் பற்றித் தேடினால் கிடைப்பதெல்லாம் இரண்டு நாள் சுற்றுலா போகிறவர்களுக்கான குறிப்புகள். நான் அங்கே குடித்தனம் நடத்தப் போகிறேன். தினமும் காலையில் எழுந்து சமைத்து, பையனைப் பள்ளிக்கு அனுப்பி, ஒன்பதரைக்குள் வங்கிக்குள் இருக்க வேண்டும்.

உடை விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. என்னிடம் இருப்பவை பெரும்பாலும் சுங்குடிச் சேலைகளும் பருத்திச் சுடிதார்களும்தான். அவற்றில்தான் நான் நானாக இருக்கிறேன். வாடகைக்கு எடுத்தது போன்ற ஒரு தடித்த ஜெர்க்கினுக்குள் சில ஆண்டுகளை ஓட்ட எனக்கு மனமில்லை. எதை வாங்க வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம், எதை மதுரையிலேயே விட்டுவிட வேண்டும்?

சமையல் மாமியாரும் நானும் சேர்ந்து செய்வோம். வாரத்தில் பாதி நாள் இட்லி வேண்டும் அவருக்கு. மலையில் மாவு புளிக்காது என்று யாரோ சொன்னதிலிருந்து கவலையில் இருக்கிறார். உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்.

மேற்குத்தொடர்:

சகோதரி, நல்ல ஜெர்க்கின் ஒன்று, சுவெட்டர் இரண்டு, தெர்மல் உள்ளாடை இரண்டு. இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. இமயமலைக்கா போகிறீர்கள்? பழகிவிடும்.

சிம்ஸ்பூங்கா:

வாம்மா வைகைக்கரை. கல்யாணமாகி மலைக்கு வந்தவள் நான். குன்னூரில்தான் பிள்ளைகளை வளர்த்தேன். பெரியகுளத்துப் பெண். அதனால் உன் கேள்வி எனக்கு நன்றாகப் புரிகிறது.

மேற்குத்தொடர் தம்பி சொன்னது ஜனவரிக்குச் சரி. ஆனால் நீ வருவது ஜூனில். எல்லோரும் டிசம்பர், ஜனவரிக் குளிரைத்தான் பேசுவார்கள். தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் படங்கள் ஆண்டுதோறும் செய்தித்தாளில் வரும். விடியற்காலை கடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். பகலில் 20 டிகிரியைத் தொடும். ஜூலையில் ஊட்டி அப்படி இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஏறிவிட்டால் வாரக்கணக்கில் சூரியனைப் பார்க்க முடியாது. பகல் வெப்பம் 16, 17 டிகிரியிலேயே நின்றுவிடும். அதாவது பகலில் பார்த்தால் ஊட்டிக்கு ஜனவரியைவிட ஜூலைதான் குளிர் மாதம். அதோடு காற்று, சாரல், மேகத்துக்குள்ளேயே வாழ்வதால் வரும் ஈரம்.

இந்த ஈரத்தை மறந்துவிட்டு உடை வாங்கினால் பணம் வீண். துவைத்துப் போட்ட பருத்திச் சுடிதார் மூன்றாம் நாளும் சில்லென்றிருக்கும். நான்காம் நாள் அதில் ஒரு வாடை வரும். கடையில் ஒரு துணியைக் கையில் எடுத்தால் அது எத்தனை நாளில் உலரும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சூடு பிறகு. சூட்டை எப்படியும் உண்டாக்கிவிடலாம். இன்னொன்றைப் போர்த்திக்கொள்ளலாம், ஒரு தம்ளர் ரசம் குடிக்கலாம். வெயிலை உண்டாக்க முடியாது.

உன் சுங்குடிச் சேலைகளை விட்டுவிட்டு வராதே. ஆனால் கஞ்சி போடுவதை விட்டுவிடு. கஞ்சி போட்ட சேலை இங்கே மூடுபனியில் ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும். கஞ்சியில்லாமல் உடுத்திப் பார், உடம்போடு ஒட்டி நிற்கும், அதுவும் ஓர் அழகு. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பகல் வேலைக்குச் சுங்குடி தாராளமாகக் கட்டலாம். உள்பாவாடைக்குப் பதில் உள்ளே பிளீஸ் (பஞ்சுபோல் மெத்தென்ற துணி) வைத்த லெக்கிங்ஸ் போட்டுக்கொள். யாருக்கும் தெரியாது, கால் நடுங்காது. முழங்கை தாண்டிய பின்னல் துணி ரவிக்கை இரண்டு, மேலே ஒரு கார்டிகன். சேலை நிறம் எதுவானாலும் ஒத்துப்போகும்படி கார்டிகனை மட்டும் ஒரே நிறத்தில் தேர்ந்தெடு. நான் கரும்பச்சையில் எடுத்தேன்.

மழை மாதங்களுக்குச் சுடிதார்தான். சேலையின் கீழ்க்கரை நனைந்தால் மாலை வரை காலில் ஈரம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

பின்னலாடை:

நான் திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்களுக்குத் துணி வாங்கித் தரும் வேலையில் இருக்கிறேன். துணி வாங்குவது பற்றி மட்டும் சொல்கிறேன்.

டி-ஷர்ட்டுக்கு நாம் போடும் சாதாரண பனியன் துணி 160 முதல் 180 ஜிஎஸ்எம் இருக்கும். ஒரு சதுர மீட்டர் துணி அத்தனை கிராம் எடை என்று பொருள். ஐரோப்பாவுக்குப் போகும் குளிர்காலச் சட்டைகளுக்கு 280 முதல் 320 வரை போவோம். உள்பக்கம் பிரஷ் செய்து பஞ்சு எழுப்பியிருக்கும். அந்தப் பஞ்சுக்குள் காற்று தங்கும், அந்தக் காற்றுதான் சூட்டைக் காக்கும். துணி கனமாக இருந்தால் மட்டும் போதாது. திருப்பிப் பார்த்து உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்.

மதுரையிலிருந்து ஊட்டிக்குச் சாமான் ஏற்றும் முன் ஒரு நாள் திருப்பூர் காதர்பேட்டை வந்து போங்கள். ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு அங்கே கடை கடையாகக் கிடைக்கும். பையனுக்கு வளரும் வயது. கொஞ்சம் பெரியதாகவே எடுக்கலாம். லேபிளைப் படியுங்கள். முழுப் பருத்தி என்றால் முதல் துவையலில் சுருங்க இடம் உண்டு. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்தது என்றால் சீக்கிரம் உலரும், உருவமும் கெடாது.

சாலையோரம் கம்பளி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை அக்ரிலிக். லூதியானாவிலிருந்து வருபவை. அக்ரிலிக்கை நான் குறை சொல்ல மாட்டேன். விலை குறைவு, சீக்கிரம் உலரும். உருண்டை உருண்டையாக நூல் எழும்பும், அவ்வளவுதான். ஆனால் கம்பளி விலையைக் கொடுத்து அக்ரிலிக் வாங்காதீர்கள். தையலோரத்தில் ஒரு நூலைப் பிய்த்து நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும். கம்பளி, முடி கருகும் வாடையோடு எரிந்து சாம்பலாகப் பொடியும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகிவிடும்.

பனிமுற்றம்:

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். பின்னலாடை அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உடம்போடு ஒட்டிப் போடும் உடுப்பு பருத்தியாக இருக்கக் கூடாது. மேடு ஏறி நடக்கும்போது வியர்க்கும். பருத்தி அந்த வியர்வையைக் குடித்துவிட்டு விடாமல் வைத்துக்கொள்ளும். நின்றதும் உடல் உறையத் தொடங்கும். நல்ல கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை ஈரத்தை இழுத்துக்கொண்டும் உடம்புக்கு ஈரமாகத் தெரியாது. மெல்லிய மெரினோ கம்பளியில் உள்சட்டை ஒன்று வாங்கினால் வாடையும் பிடிக்காது. அடிக்கடி துவைக்கவும் வேண்டாம்.

இங்கே நாங்கள் மூன்று அடுக்காகப் போடுவோம். உள்ளே வியர்வையை வெளியேற்றும் ஒன்று, நடுவில் சூடு காக்கும் ஒன்று, வெளியே காற்றையும் மழையையும் மறிக்கும் ஒன்று. ஜக்கெற் மிகத் தடிப்பாக இருக்க வேண்டும் என்றில்லை. காற்று புகாமல் இருந்தால் போதும்.

ஆனால் உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஜனவரியில் வெளியே மைனஸ் 20 என்றாலும் எங்கள் வீட்டுக்குள் 21 டிகிரி. கதவைத் திறந்து உள்ளே வந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மெல்லிய சட்டையோடு இருப்போம். ஊட்டியில் ஹீட்டர் இல்லாத வீட்டில் வந்து தங்கியபோது நான் பட்ட குளிரை ரொறன்ரோவில்கூடப் பட்டதில்லை. வெளியே வெயிலில் நின்றால் சுகம், உள்ளே வந்தால் தரையும் சுவரும் சில்லிட்டுக் கிடந்தன. அதனால் அக்கா, வெளியே போகும் உடுப்புக்கு ஒதுக்கும் காசில் பாதியை வீட்டுக்குள் போடும் உடுப்புக்கு ஒதுக்குங்கள். இரவுடை, தடித்த காலுறை, வீட்டுச் செருப்பு.

சிம்ஸ்பூங்கா:

பனிமுற்றம் சொன்னது நூற்றுக்கு நூறு. பழைய சிமெண்ட் தரை வீடு கிடைத்தால் முதல் வேலையாகப் பவானி ஜமக்காளம் விரித்துவிடு. சென்னிமலைப் போர்வை இரண்டைச் சேர்த்துத் தைத்து நடுவில் பழைய கம்பளியை வைத்தால் அருமையான ரஜாய்; கடையில் வாங்குவதைவிடக் கனமாக, உடம்பில் அழுந்தி இருக்கும். பையன் அசையாமல் தூங்குவான்.

கேத்திப்பள்ளத்தாக்கு:

வணக்கம் அக்கா. நான் படுகர் வீட்டுப் பையன். கேத்திப் பக்கம் எங்கள் ஹட்டி, அதாவது எங்கள் ஊர். உடை பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். நான் சாப்பாட்டைச் சொல்கிறேன்.

சமவெளியிலிருந்து வருகிறவர்கள் தங்கள் சமையலை அப்படியே இங்கே கொண்டுவர முயன்று சோர்ந்துபோகிறார்கள். மலைக்கென்று ஒரு சாப்பாடு ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் வீட்டில் 'அவரெ உதக்க' செய்வார்கள். அவரைக்கொட்டையை முதல் நாள் இரவே ஊறவைத்து, உருளைக்கிழங்கு, பூண்டு, வெங்காயம், வீட்டில் இடித்த மசாலாப்பொடியோடு குழைய வேகவிட்டுத் தாளிப்பது. ராகிக் களியோடு சுடச்சுடச் சாப்பிட்டால் மதியம் வரை பசிக்காது. குளிரில் வேலை செய்யும் உடம்புக்கு இட்லி சீக்கிரம் கரைந்துவிடும். பருப்பு, கொட்டை, கிழங்கு, ராகி இவைதான் நின்று சூடு கொடுக்கும்.

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு மலர வெகு நேரம் ஆகும். தீயைக் கூட்டினால் தண்ணீர்தான் வற்றும். குக்கர் இல்லாமல் பருப்பு, கொண்டைக்கடலை பக்கமே போகாதீர்கள். குக்கருக்குள்ளும் மதுரையில் எட்டும் சூடு இங்கே எட்டாது, எனவே வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூட விடுங்கள்.

கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், டர்னிப், மேரக்காய் (சௌசௌ), பச்சைப்பட்டாணி எல்லாம் பறித்த அன்றே கிடைக்கும். மதுரையில் வாங்கிய கேரட்டின் ருசியையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மேற்குத்தொடர்:

கேத்தித் தம்பி, படுகர்கள் வெள்ளைத் துணிதானே உடுத்துவார்கள்? அது குளிருக்குத் தாங்குமா?

கேத்திப்பள்ளத்தாக்கு:

தாங்கும் அண்ணா. ஹெத்தையம்மன் பண்டிகை வருவதே டிசம்பர், ஜனவரியில்தான். பேரகணியில் ஆயிரக்கணக்கானோர் வெள்ளை உடையோடு, பெண்கள் முண்டு கட்டி, தலையில் துணி சுற்றி நடந்து போவார்கள். ஒற்றைத் துணியாகப் பார்த்தால் அது வெறும் பருத்திதான். சுற்றிச் சுற்றிக் கட்டுவதால் இடையில் காற்று தங்குகிறது. தோடர்களின் பூத்துக்குளியும் தடித்த பருத்திப் போர்வைதான். அதில் சிவப்பு, கறுப்பு நூலால் பெண்கள் கையாலேயே போடும் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உண்மையான கைவேலைச் சால்வை விலை கூடத்தான். ஒன்று வாங்கினால் உங்கள் சுங்குடிக்கு மேல் போட்டுக்கொள்ளலாம் அக்கா. இரண்டும் கைவேலை, இரண்டும் பருத்தி, நன்றாக ஒத்துப்போகும்.

வைகைக்கரை:

இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். சுங்குடிக்கு மேல் தோடர் சால்வை என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அத்தைக்கு ஒரே கேள்விதான்: இட்லி மாவு என்ன ஆகும்?

அடுப்பங்கரை:

இட்லிக்கு நான் பதில் சொல்கிறேன். கொடைக்கானலில் உணவு விடுதி நடத்தும் குடும்பம் எங்களுடையது. தினமும் மாவு அரைக்கிறோம்.

மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் தேவை. மலை வீட்டுச் சமையலறையில் இரவு அது கிடைக்காது. அதனால் மாவுக்கு மட்டும் ஒரு சின்ன மதுரையை உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். மூடி இறுக்கமாக உள்ள ஐஸ் பெட்டி ஒன்று வாங்குங்கள். மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து, பக்கத்தில் இரண்டு பாட்டில் வெந்நீர் வைத்து மூடிவிடுங்கள். படுக்கப் போகும் முன் ஒருமுறை வெந்நீரை மாற்றுங்கள். காலையில் பொங்கி இருக்கும். அரிசியையும் உளுந்தையும் வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். வெந்தயம் கொஞ்சம் கூடுதலாகப் போடலாம். உப்பு புளிப்பதைத் தாமதப்படுத்தும் என்பதால் அரைக்கும்போது பாதி உப்பு, பொங்கிய பிறகு மீதி உப்பு. மாவைக் கையால் கலக்குவதை விடாதீர்கள்.

தயிருக்கும் இதே பெட்டி. பால் விரலுக்குச் சூடு உறைக்கும் பதத்தில் இருக்கும்போது உறை ஊற்றி, உறையையும் மதுரையில் ஊற்றுவதைப்போல் இரு மடங்காக்குங்கள்.

தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். வாய் குறுகிய பாட்டிலில் வைத்தால் காலையில் கத்தியோடு போராட வேண்டும். வாய் அகன்ற டப்பாவில் வைத்து ஸ்பூனால் எடுங்கள்.

இன்னொன்று, கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் விடாதீர்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. காரமும் மணமும் சமவெளிப் பூண்டில் வராது. நெய்யில் பூண்டை நிதானமாக வதக்கி, மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டு, நீர்த்த புளியில் ரசம் வைத்துப் பையன் பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு தம்ளர் கொடுங்கள். அதற்குப் பிறகுதான் நனைந்த சாக்ஸைக் கழற்றச் சொல்ல வேண்டும் என்றில்லை, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

பனிமுற்றம்:

அடுப்பங்கரை அண்ணாவின் ஐஸ் பெட்டிக்கு இங்கே எங்கள் மாற்று, ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை வைப்பது. ரொறன்ரோவில் தமிழ் வீடுகள் பலவற்றில் பனிக்காலம் முழுக்க ஓவன் மாவுக்குத்தான் சொந்தம்.

எங்கள் வீட்டில் குளிர் முற்றினால் ஒடியல் கூழ். காயவைத்த பனங்கிழங்குதான் ஒடியல். அதன் மாவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பு நீங்கத் தெளியவிட்டு வடித்து, நண்டு, இறால், மீன், மரவள்ளி, பலாக்கொட்டை, பயற்றங்காய் எல்லாம் சேர்த்த பெரிய பானையில் செத்தல் மிளகாயும் புளியும் கரைத்து விட்டுக் காய்ச்சுவது. தனியாக ஒருவர் வைத்துக் குடிக்கும் உணவு அல்ல அது. சுற்றத்தாரை அழைத்துவிட்டுத்தான் பானையையே ஏற்றுவோம். யாழ்ப்பாணத்து வெயிலில் பிறந்த உணவு, இந்தப் பனிக்கு இவ்வளவு பொருந்தும் என்று அம்மாவே நினைத்திருக்க மாட்டார். உறைப்பும் சூடும் சேர்ந்து மூக்கு, காது, நெற்றி எல்லாம் வியர்க்கும்.

உங்கள் மதுரை எலும்புக் குழம்பும் அப்படித்தானே அக்கா? அதை விட்டுவிடாதீர்கள். ஞாயிறு காலையில் அடுப்பில் ஏற்றிச் சிறுதீயில் மதியம் வரை விட்டால் வீடே சூடாகும்.

பின்னலாடை:

எலும்புக் குழம்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. சமையல் வாடை பிளீஸ் துணியில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வங்கிக்குப் போடும் கார்டிகனோடு தாளிக்காதீர்கள். சமையலறைக்கென்று ஒரு பழைய ஸ்வெட் ஷர்ட் ஒதுக்குங்கள். அதுவும் பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டரும் அக்ரிலிக்கும் தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். கேஸ் அடுப்பின் முன்னால் தொங்கும் சால்வையும் வேண்டாம்.

சிம்ஸ்பூங்கா:

இதைச் சொன்னதற்கு உங்களுக்கு நன்றி தம்பி. நெருப்பு என்று வந்துவிட்டதால் நானும் சொல்லிவிடுகிறேன். வைகைக்கரை, இதை மட்டும் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள். என்ன குளிர் என்றாலும் கரி அடுப்பைப் படுக்கை அறைக்குள் கொண்டுபோகாதே. கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழாமல் போன செய்திகள் இந்த மலைகளிலிருந்து திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசரும் இதே ஆபத்துதான். வாடகை வீடு பார்க்கும்போதே மின்சார கீசரா என்று கேட்டுவிடு. கேஸ் கீசர் என்றால் அது குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும்.

சிலிண்டரும் விடியற்காலைக் குளிரில் சோம்பும். தீரும் நிலையில் இருந்தால் சுடர் சிறுத்துவிடும், ஏனென்றால் உள்ளிருக்கும் திரவம் குளிரில் மெதுவாகத்தான் வாயுவாக மாறுகிறது. அதற்காகச் சிலர் சிலிண்டரைச் சூடுபடுத்துவார்கள். செய்யவே செய்யாதே. இரண்டாவது சிலிண்டரை எப்போதும் நிரப்பி வை.

வைகைக்கரை:

மின்சார கீசர் என்று குறித்துக்கொண்டேன் அக்கா. வீட்டுத் தரகரிடம் நாளைக்கே கேட்கிறேன்.

இதுவரை படித்ததை வைத்து என் உடைகளைப் பிரித்திருக்கிறேன். மதுரையில் விட்டுப்போவது: பட்டுச் சேலைகள், தோல் பைகள், கேன்வாஸ் ஷூ, வெள்ளைச் சுடிதார்கள். எடுத்துப்போவது: சுங்குடியில் எனக்கு மிகப் பிடித்த ஆறு, அடர்நிறச் சுடிதார்கள். புதிதாக வாங்கப்போவது: மெரினோ உள்சட்டை இரண்டு, உள்ளே பிளீஸ் வைத்த லெக்கிங்ஸ் மூன்று, ஒரே நிறத்தில் கார்டிகன், காற்றும் மழையும் புகாத மெல்லிய கோட் ஒன்று, வீட்டுக்குக் கனமான இரவுடைகள். கார்டிகன் அரக்கு நிறம். என் சுங்குடிகளில் பாதி அரக்கும் மஞ்சளும்தான். தடித்த ஜெர்க்கின் வாங்கவில்லை. தேவைப்பட்டால் ஊட்டிக்குப் போன பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

இந்தப் பட்டியலில் ஓட்டை இருக்கிறதா?

கேத்திப்பள்ளத்தாக்கு:

கால்! காலை மறந்துவிட்டீர்கள் அக்கா. பையனுக்குக் கம்பூட் (தண்ணீர் புகாத உயர ரப்பர் காலணி) ஒரு ஜோடி அவசியம். பள்ளி ஷூ நனைந்தால் பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து வையுங்கள்; இரவில் ஒருமுறை தாளை மாற்றினால் காலைக்குள் ஓரளவு உலரும். பள்ளி சாக்ஸ் மட்டும் நிறைய வாங்குங்கள், வேறு எதிலும் சிக்கனம் பிடிக்கலாம். குடை காற்றில் நிற்காது. அவனுக்கு ரெயின்கோட்தான்.

மழையில் மேற்கு மலைப்பக்கம் ஊர் சுற்றப் போகாதீர்கள். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எங்கள் பக்கத்து மண்சரிவுகளை எல்லோரும் மறந்துவிடவில்லை.

சிம்ஸ்பூங்கா:

பட்டை விட்டுவிட்டு வருவது நல்லது. இங்கே பூஞ்சை பிடித்தால் கறை போகாது. அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதே, ஒரு சாண் தள்ளி வை. ஈரம் வெளிச்சுவர் வழியாகத்தான் வரும். எங்கள் வீட்டில் மழை மாதங்களில் துணி அலமாரியின் அடித்தட்டில் சின்ன குண்டு பல்பு ஒன்று எரியும். துணி படாதபடி கம்பிக் கூண்டு போட்டிருக்கிறோம். அதிலிருந்து வரும் சூடே உள்ளே உலர்வாக வைத்திருக்கும். வெயில் வந்த நாளில் எல்லா வேலையையும் போட்டுவிட்டு அலமாரியைத் திறந்து வெளியே காயப்போட வேண்டும். விடுப்பு எடுத்தாலும் தவறில்லை என்பேன்.

குன்னூரும் கோத்தகிரியும் மலையின் கிழக்குப் பக்கம். எங்களுக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில்தான். உனக்கு ஜூலையில் துணி உலராமல் போனால் ஒரு மூட்டை கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறி வா. என் மாடியில் காயப்போடலாம். வரும்போது நாலு ஊட்டி வர்க்கி வாங்கி வா, டீ நான் போடுகிறேன்.

அடுப்பங்கரை:

வேலை நாள் காலைக்கு ஒன்று சொல்ல விட்டுப்போனது. நல்ல வாய் அகன்ற பிளாஸ்க் வாங்குங்கள். இரவு படுக்கும் முன் கொதிநீர் ஊற்றி அதைச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, வறுத்த அரிசி நொய்யும் பாசிப்பருப்பும் ஒரு பிடி போட்டு, கொதித்துக்கொண்டிருக்கும் நீரை விளிம்பு வரை ஊற்றி இறுக மூடுங்கள். காலையில் கஞ்சி தயாராக இருக்கும். ஒரு கொதி விட்டு, உப்பும் சீரகமும் மிளகும் போட்டு, தேங்காய்த் துவையலோடு கொடுங்கள். எரிவாயுவும் மிச்சம், ஆறு மணிக் குளிரில் அடுப்படியில் நிற்கும் நேரமும் மிச்சம்.

கொள்ளு மறக்க வேண்டாம். வேகவைத்த நீரில் ரசம், வெந்த கொள்ளில் துவையல் அல்லது சுண்டல். ஒரு முறை குக்கர் வைத்தால் இரண்டு வேளைக்கு ஆகும்.

வைகைக்கரை:

ஜூலையில் மூட்டையோடு உங்கள் மாடிக்கு வருவது உறுதி அக்கா, வர்க்கியோடு. ரஜாய் தைக்கச் சென்னிமலைப் போர்வை வாங்கச் சொல்லிக் கணவரிடம் சொல்லிவிட்டேன். பின்னலாடை அண்ணா, வரும் சனிக்கிழமை காதர்பேட்டை வருகிறோம்.

கடைசியாக ஒன்று. அத்தைக்கு 68 வயது. எப்போதும் சேலைதான், நைட்டிகூடப் போட மாட்டார். லெக்கிங்ஸ் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாக்ஸ் போட்டால் செருப்புப் போட முடியாது என்கிறார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து குளித்துச் சாமி கும்பிடும் பழக்கம் வேறு. அவரை எப்படிப் பார்த்துக்கொள்வது?

சிம்ஸ்பூங்கா:

என் மாமியாரும் இப்படித்தான் இருந்தார். வற்புறுத்தாதே. லெக்கிங்ஸ் என்ற பேச்சையே எடுக்காமல், பிளீஸ் துணியில் உள்பாவாடை இரண்டு தைத்துக் கொடு. பாவாடைதானே என்று கட்டிக்கொள்வார். ரவிக்கைக்கு மேல் முன்பக்கம் பட்டன் வைத்த அரைக்கை கம்பளி உள்சட்டை, அதற்கு மேல் சேலை முந்தானை. வெளியே எதுவும் தெரியாது.

நாலரைக்குக் குளிப்பதை நிறுத்தச் சொல்லிப் பயனில்லை. நீ கீசரை நாலு மணிக்கே போட்டு, குளியலறையில் வெந்நீர் வாளியைத் திறந்து வைத்து ஆவி பரவவிடு. தலைக்குக் குளிப்பதை மட்டும் வெயில் வந்த பகலுக்கு மாற்றிக்கொள்ளச் சொல். நரைத்த நீள முடி மழை மாதத்தில் மாலை வரை உலராது. பூஜை அறையில் மணைப் பலகைக்கு மேல் மடித்த கம்பளியைப் போடு. குளித்து வந்ததும் சுக்கு மல்லி காபி கையில் இருக்க வேண்டும்.

சாக்ஸ் வாங்கும்போது பெருவிரல் பிரிந்த சாக்ஸாகப் பார். செருப்போடு போட முடியும். மெட்டி உறுத்தாதபடி ஓர் அளவு பெரியதாக எடு.